மழைச் செய்தியும் மழை அறிவுரையும்



இந்த இதழின் பாடமாக நாங்கள் எடுத்துக்கொண்டிருப்பது மழை. "மழையைப் பற்றி எங்களுக்கு என்ன பாடம் வேண்டிக் கிடக்கு? கம்பளியும் படங்கும் போட்டுக்கிட்டு மழையிலேயே கொழுந்து பறிக்கிற ஆளுங்க நாங்க" என்று நீங்கள் சிரிப்பது எங்களுக்குக் கேட்கிறது. உண்மைதான். வட்டவளைப் பக்கம் ஓர் ஆண்டில் 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. ஆனால் இந்தப் பாடத்தை நாங்கள் மலையில் படிக்கவில்லை. வருசம் முழுவதற்கும் சேர்த்து ஏறக்குறைய 1,600 மில்லிமீற்றர் மழை பெய்கின்ற திருகோணமலையில், ஒரு வயல் வரம்பில் உட்கார்ந்து படித்தோம்.

திருகோணமலை நமக்குத் தூரத்து ஊர் அல்ல. நம்முடைய ஆட்கள் எத்தனையோ பேர் 1977 கலவரத்துக்குப் பிறகு தோட்டத்தை விட்டு அந்தப் பக்கம் போய்க் குடியேறியிருக்கிறார்கள். இன்னொரு தொடர்பும் உண்டு. அட்டன், கொத்மலை, நுவரெலியாப் பக்கத்து மலைகளில் விழுகிற மழைதான் மகாவலியில் சேர்ந்து, 335 கிலோமீற்றர் ஓடி, மூதூருக்குப் பக்கத்தில் கொட்டியாரக் குடாவில் கடலில் விழுகிறது. நம்முடைய லயத்துக் கூரையில் வழிந்த தண்ணீர் அவர்களுடைய வரம்பில் போய் முட்டுகிறது என்று சொன்னால் அது வெறும் பேச்சு அல்ல.

வரம்பில் கேட்ட கதை

2023ஆம் ஆண்டு சிவராத்திரிக்கு எங்கள் தோட்டத்து ஆட்கள் ஒரு பஸ் பிடித்துக் கோணேஸ்வரத்துக்குப் போனார்கள். நாங்களும் கூடப் போனோம். மறுநாள் எங்களோடு வந்த ஒரு தாய், "ஐயா, கிளிவெட்டியில எங்க சித்தப்பா இருக்கார், ஒரு எட்டுப் பார்த்திட்டு வந்திருவோமா?" என்று கேட்டார். முன்பெல்லாம் மூதூருக்குப் போவதென்றால் துறைமுகத்திலிருந்து லோஞ்சில் கடல் தாண்ட வேண்டும். இப்போது கிண்ணியாப் பாலம் வழியாக வண்டியிலேயே போய்விடலாம்.

அந்தச் சித்தப்பாவுக்கு எழுபது வயதுக்கு மேல். பேச்சு பாதி தோட்டம், பாதி மூதூர். அல்லைக் குளத்துத் தண்ணீர் பாயும் வயலில் இரண்டு ஏக்கர் குத்தகைக்கு எடுத்துச் செய்கிறார். நாங்கள் போன நேரம் அறுவடைக் காலம். தூரத்தில் வெட்டு மெசின் ஓடிக்கொண்டிருந்தது. அவருடைய வயலுக்கு இன்னும் முறை வரவில்லை. பேசும்போது அடிக்கடி வடகிழக்குப் பக்கமாக வானத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "ஏன் சித்தப்பா, மழை வருமா?" என்று அந்தத் தாய் கேட்டதும்தான் 2011ஆம் ஆண்டுக் கதையைச் சொன்னார்.

அந்த வருசம் ஜனவரியில், பொங்கலை ஒட்டி, கிழக்கு மாகாணம் முழுவதும் வெள்ளம். பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட ஆட்கள் பாதிக்கப்பட்டார்கள். இவருடைய வயல் கொஞ்சம் மேட்டுப் பக்கம் என்றபடியால் பாதி வெள்ளாமை தப்பிவிட்டது. மாதக் கடைசியில் தப்பிய நெல் பழுத்து நின்றது. ரேடியோவில் மறுபடியும் மழை என்றார்கள்.

"மழை பெய்யும்னு சொன்னது எனக்குக் காதுல விழுந்திச்சுதான் தம்பி. ஆனா அதை அவங்க தினமும்தானே சொல்றாங்க. 'கிழக்கு மாகாணத்தில் மழை பெய்யும்.' கிழக்கு மாகாணம்னா பொத்துவிலுக்கு அங்கால இருந்து புல்மோட்டை வரைக்கும். அதில என் ரெண்டு ஏக்கர் எங்க இருக்கு? எவ்வளவு பெய்யும்? நாளைக்கா, நாலு நாள் கழிச்சா? வெட்டவா, விடவா? அதை ஒருத்தரும் சொல்லலையே" என்றார்.

பெப்ரவரி தொடக்கத்தில் இரண்டாவது வெள்ளம் வந்தது. தப்பிய பாதியும் படுத்து, தண்ணீருக்குள்ளேயே முளைத்துவிட்டது. மனைவியின் நகையை ஈடு வைத்துத்தான் விதைத்திருந்தார். அந்த நகை திரும்பி வரவே இல்லை. இதைச் சொல்லும்போது அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். உள்ளே இருந்து சாயத்தண்ணி கொண்டு வந்த சித்தி சிரிக்கவில்லை.

நாங்கள் அந்த வரம்பில் படித்தது இதுதான். மழை வரும் என்பது செய்தி. ஆகவே இன்றைக்கு நீ இதைச் செய், அதைச் செய்யாதே என்பது அறிவுரை. செய்தி அவருக்குக் கிடைத்தது. அறிவுரை கிடைக்கவில்லை.

கப்பலுக்கும் தேயிலைக்கும் முதலில் கிடைத்தது

திருகோணமலையில் மழையை அளப்பது நேற்றுத் தொடங்கிய காரியம் அல்ல. 1870களில் இருந்தே அங்கு மழைக் கணக்கு எழுதப்பட்டு வருகிறது. பெரிய இயற்கைத் துறைமுகம், ஆங்கிலேயரின் கடற்படைத் தளம். கப்பலுக்குக் காற்றும் மழையும் தெரிய வேண்டும் அல்லவா?

இன்றைக்கும் ரேடியோவில் கடல் செய்தியைக் கவனித்துக் கேளுங்கள். காங்கேசன்துறையிலிருந்து திருகோணமலை ஊடாக மட்டக்களப்பு வரையான கடற்பரப்பு என்று இடத்தைச் சொல்வார்கள். காற்று எந்தத் திசை, மணிக்கு எத்தனை கிலோமீற்றர் வேகம் என்று சொல்வார்கள். கடும் காற்று என்றால், கடற்றொழிலாளர் கடலுக்குப் போகவேண்டாம் என்றும் சொல்வார்கள். அந்தக் கடைசிச் சொல்தான் அறிவுரை. மீன்பிடிக்கிற ஆளுக்கு என்ன செய்யவேண்டும் என்பது அதற்குள்ளேயே இருக்கிறது. அதே ரேடியோ தரைக்கு வந்தவுடன் "சில இடங்களில் மழை பெய்யும் சாத்தியம் உண்டு" என்பதோடு நின்றுவிடும்.

நம் தேயிலைக்கும் அப்படித்தான். 1946இல் இலங்கைக்குள் கொப்புள வெளிறல் நோய் வந்தது. இளங்கொழுந்தைத் தாக்குகிற இந்த நோய், மழையும் மூட்டமும் கூடி வெயில் குறைந்த நாட்களில்தான் பரவுகிறது. ஆகவே ஒரு நாளில் எத்தனை மணித்தியாலம் வெயில் அடித்தது என்று கணக்குப் பார்த்து, மருந்தடிப்பதா இல்லையா என்று தீர்மானிக்கும் முறையைத் தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிலையம் பல வருசங்களுக்கு முன்பே கொண்டு வந்தது. வானத்தைப் பார்த்து வேலையைத் தீர்மானிக்கும் அறிவுரை என்பது இதுவேதான். பெரிய தோட்டத்துக்கு அது கிடைத்தது. அதே தோட்டத்தில் லயத்துக்குப் பின்னால் இரண்டு பாத்தி லீக்ஸ் போட்டிருந்தவருக்கு யார் சொன்னார்கள்? இரண்டு ஏக்கர் வெள்ளாமைக்காரனுக்கும் கப்பலுக்குப் பிறகுதான் முறை வந்தது.

வெள்ளாமைக்காரனுக்கு என்ன தெரியவேண்டும்?

திருகோணமலை மாவட்டத்தின் மழையில் பெரும்பங்கு ஒக்டோபர் தொடக்கம் ஜனவரி வரைக்குள் விழுந்துவிடும். முதலில் இடைப்பருவக் காலத்து இடிமழை. டிசம்பர் பிறந்தால் வடகீழ்ப் பருவக்காற்று மழை. இதை நம்பித்தான் பெரும்போகம். மே மாதத்துக்குப் பிறகு நம் மலைகளில் தென்மேற்குக் காற்று மழையைக் கொட்டும்போது, அதே காற்று மலையைத் தாண்டி அங்கு இறங்கும்போது வறண்ட சூட்டுக் காற்றாக வீசும். அவர்கள் அதைக் கச்சான் என்பார்கள். நமக்கு அடைமழை என்றால் அவர்களுக்கு அனல். அப்போது செய்கிற சிறுபோகம் குளத்துத் தண்ணீரை நம்பியது.

பெரும்போகத்தில் ஒரு கமக்காரர் பத்துப் பன்னிரண்டு தடவையாவது வானத்தைப் பார்த்து முடிவு எடுக்கவேண்டியிருக்கிறது. ஒவ்வொரு முடிவுக்கும் வேண்டிய செய்தி வேறு வேறு என்பதைத்தான் பலரும் யோசிப்பதில்லை.

யூரியாவை எடுத்துக்கொள்வோம். ஓர் அந்தர், அதாவது 50 கிலோ மூட்டையில், பயிருக்கு வேண்டிய நைதரசன் 23 கிலோ இருக்கிறது. வீசின அன்றைக்கே பெருமழை வந்து வரம்பை மேவிப் பாய்ந்தால் அதில் பெரும்பங்கு வாய்க்காலோடு போய்விடும். 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடை செய்து, பிறகு அந்த வருசமே தடையை நீக்கிய காலத்தில் ஒரு மூட்டைக்கு அலைந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். இதற்கு வேண்டியது நாளைக்கும் நாளை மறுநாளுக்குமான செய்தி. அது இன்று ஓரளவு நம்பத்தக்கதாகவே கிடைக்கிறது. மருந்தடிப்பதற்கும் அப்படியே, அடித்த சில மணித்தியாலத்துக்குள் மழை வந்தால் மருந்துக் காசும் கூலியும் வீண்.

அறுவடைக்கு ஒரு நாள் செய்தி போதாது. மெசின் பேசவேண்டும், சாக்கு வாங்கவேண்டும், காயப்போட இடம் பார்க்கவேண்டும். ஐந்து தொடக்கம் பத்து நாளுக்கு முன்னாலேயே ஒரு குறிப்புத் தேவை. ஆனால் நாள் கூடக்கூடச் செய்தியின் உறுதி குறையும். பத்தாவது நாளைப் பற்றிச் சொல்வதை நாளைக்கு வரும் மழையைப் போல நம்பக்கூடாது. அதை வைத்து ஆயத்தம் செய்யலாம். நாள் நெருங்க நெருங்கத் திரும்பவும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

எல்லாவற்றிலும் பெரிய முடிவு செப்டெம்பர், ஒக்டோபரில் வருகிறது. எப்போது விதைப்பது, நாலு மாத நெல்லா, மூன்றரை மாதமா, மூன்று மாதமா? குளத்தில் தண்ணீர் குறைவாக இருந்து மழையும் பிந்தும் என்றால் மூன்று மாத நெல் போடுவதே புத்தி. 2016, 2017 பெரும்போகத்தில் மழை பொய்த்து நாடே வறட்சியில் கிடந்தது. நாலு மாத நெல்லுக்குத் தண்ணீர் எங்கே போவது?

இந்தப் பருவச் செய்தியை விளங்கிக்கொள்வதில்தான் நம் ஆட்கள் தடுமாறுகிறார்கள். "இம்முறை வழமையை விடக் கூடுதலான மழைக்கு நூற்றுக்கு 50 வீத வாய்ப்பு, வழமை போன்ற மழைக்கு 30, குறைவான மழைக்கு 20" என்பது போல ஓர் அறிவித்தல் வந்தால் அதற்கு என்ன அர்த்தம்? நீங்கள் பிடிக்கிற சீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். பத்துத் துண்டு எழுதி டப்பாவில் போட்டுக் குலுக்குகிறோம். ஐந்து துண்டில் கூடுதல் மழை, மூன்றில் வழமை, இரண்டில் குறைவு. ஒரு துண்டுதான் எடுப்போம். குறைவு என்ற துண்டும் கைக்கு வரலாம். வந்தால் சொன்னவர் பொய்யர் என்று ஆகாது. ஆனால் பத்து வருசம் தொடர்ந்து அந்தக் கணக்கைப் பார்த்து நடக்கிறவர், கண்ணை மூடிக்கொண்டு நடக்கிறவரை விட முன்னுக்கு வருவார். கடன் வாங்கிச் செய்கிறவர் இரண்டு துண்டுக்கும் பயப்படத்தான் வேண்டும். ஏனென்றால் அவருக்கு அடுத்த வருசம் என்று ஒன்று இல்லாமலே போய்விடலாம்.

இப்படிக் கணக்குப் போடுவது எதை வைத்து? பசிபிக் சமுத்திரத்தில் தண்ணீர் வழமையை விடச் சூடேறுகிற வருசத்தை எல் நினோ என்கிறார்கள். அப்படியான வருசத்தில் இலங்கையில் ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை கூடுவதும், அதன் பிறகு ஜனவரி முதல் மார்ச் வரை குறைவதும் பெரும்பாலும் காணப்படுகிறது. கடல் குளிர்கிற லா நினா வருசத்தில் இது தலைகீழாக நடக்கும். சித்தப்பாவின் நெல்லைக் கொண்டுபோன 2011 ஒரு லா நினாக் காலம். எங்கோ பசிபிக்கில் தண்ணீர் குளிர்ந்ததற்கும் கிளிவெட்டியில் ஒரு சங்கிலி ஈட்டுக்கடையில் மூழ்கினதற்கும் தொடர்பு இருக்கிறது என்பதை நாங்களும் பிறகுதான் படித்தோம்.

பஞ்சாங்கத்திலும் இவ்வருசம் இத்தனை மரக்கால் மழை, அதில் கடலில் இவ்வளவு, மலையில் இவ்வளவு, பூமியில் இவ்வளவு என்று போட்டிருக்கும். சித்தப்பா வீட்டுச் சுவரிலும் பஞ்சாங்கம் தொங்கியது. நாங்கள் அதைக் குறை சொல்லப்போவதில்லை. ஆனால் அது எந்தக் கிழமையில் யூரியா போடலாம் என்று சொல்லாது.

அறிவுரை எங்கே கிடைக்கும்?

மழையைக் கணித்துச் சொல்வது வளிமண்டலவியல் திணைக்களம். அதை எடுத்துப் பயிருக்கு ஏற்றதாக மாற்றுவது விவசாயத் திணைக்களத்தைச் சேர்ந்த, பேராதனையில் இருக்கும் இயற்கை வள முகாமைத்துவ நிலையம். மண், மழை, உயரம் ஆகியவற்றைப் பார்த்து நாட்டை 46 விவசாயச் சூழல் பிரதேசங்களாகப் பிரித்திருக்கிறார்கள். அந்தப் பிரிவுகளை வைத்தே பயிருக்கான ஆலோசனையைத் தயாரிக்கிறார்கள். அது கிராமத்துக்கு வரும் வழி விவசாயப் போதனாசிரியரும் கமநல சேவை நிலையமும் கமக்காரர் அமைப்பும். 1920 என்ற இலக்கத்துக்குப் போன் பண்ணியும் விவசாயத் திணைக்களத்தாரிடம் கேட்கலாம். திருகோணமலை மாவட்டத்தின் வடக்கே புல்மோட்டைப் பக்கம் கடலில் விழுகிற யான் ஓயாப் பள்ளத்தாக்கில், குளங்களைத் திருத்துவதோடு கமக்காரருக்குக் காலநிலை ஆலோசனை கொடுப்பதையும் சேர்த்து, பசுமைக் காலநிலை நிதியத்தின் உதவியோடு 2017இல் ஒரு திட்டம் ஆரம்பிக்கப்பட்டது.

பக்கத்து நாட்டில் இது இன்னும் பழையது. இந்தியாவில் 1945 முதலே விவசாயிகளுக்கென்று தனியாக வானிலைச் செய்தி ரேடியோவில் போனது. பிற்காலத்தில் கிழமைக்கு இரண்டு தடவை, செவ்வாயும் வெள்ளியும், மாவட்ட வாரியாகப் பயிர் ஆலோசனை வெளியிடும் முறை வந்தது.

ஆனால் எங்களுக்கு மிகவும் பிடித்த உதாரணம் ஆபிரிக்காவில் மாலி என்ற ஏழை நாடு. அங்கே கடும் வறட்சிக்குப் பிறகு, 1982இல், வானிலைத் திணைக்களத்தார் கிராமத்துக்குப் போய்க் கமக்காரர் கையிலேயே மழைமானியைக் கொடுத்தார்கள். உன் வயலில் இத்தனை மில்லிமீற்றர் விழுந்த பிறகு விதை என்று ஓர் அட்டவணையும் கொடுத்தார்கள். மழையை அளக்கிறவன் அதிகாரி, கேட்கிறவன் கமக்காரன் என்றிருந்த முறை அங்கே மாறியது. பல வருசம் கழித்து ஆய்வு செய்து பார்த்தபோது இன்னொன்றும் தெரியவந்தது. சொந்தமாக மாடும் கலப்பையும் உள்ளவர்களே அந்த அறிவுரையைப் பெரும்பாலும் பயன்படுத்தினார்கள். மாடு இல்லாதவன், "இன்றைக்கு விதை" என்று சொன்னாலும் மாட்டுக்காரன் உழுது முடித்துவிட்டு வரும் வரைக்கும் காத்திருக்கத்தானே வேண்டும்?

இதைச் சித்தப்பாவிடம் சொன்னோம். தூரத்தில் ஓடிய வெட்டு மெசினைக் கை நீட்டிக் காட்டினார். "இப்ப போதனாசிரியர் ஐயா சொல்லித்தான் அனுப்புறார், நாலு நாளைக்குள்ள வெட்டுங்கன்னு. பேரப்பிள்ளையின்ட போனுக்கும் வருது. ஆனா மெசின் ஒண்ணு, வயல் நூறு. பெரிய ஆட்களின்ட வயல் முடிஞ்சுதான் நமக்கு" என்றார். அதற்கு எங்களிடம் பதில் இருக்கவில்லை. இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து முன்கூட்டியே மெசினுக்கு முற்பணம் கட்டலாமே என்று ஏதோ சொன்னோம். அவர் அதையெல்லாம் யோசிக்காத ஆள் இல்லை.

டின்னில் பிடித்த மழை

திரும்பி வந்த கையோடு நாங்கள் செய்த ஒரு காரியம் உண்டு. பால்மா டின் மாதிரி, மேலும் கீழும் ஒரே அகலமான, 15 சென்ரிமீற்றர் உயரமான ஒரு டின்னை எடுத்தோம். பிள்ளை மடுவத்துக்கு முன்னால், மரமோ கூரையோ இல்லாத வெட்டவெளியில், இடுப்பளவு கம்பத்தில் கட்டினோம். தினமும் காலை எட்டரை மணிக்கு ஒரு அடிமட்டத்தை விட்டு அளந்து கொப்பியில் எழுதுவது மடுவத்துப் பொறுப்பாளரின் வேலை. வளிமண்டலவியல் திணைக்களமும் காலை எட்டரை மணியோடுதான் 24 மணித்தியால மழையைக் கணக்கெடுக்கிறது.

மில்லிமீற்றர் என்றால் என்ன? ஒரு மீற்றர் நீளம், ஒரு மீற்றர் அகலமான தரையில் ஒரு லீற்றர் தண்ணீரை ஊற்றினால் அது ஒரு மில்லிமீற்றர் உயரம் நிற்கும். ஓர் ஏக்கரில் அது 4,000 லீற்றருக்குக் கொஞ்சம் கூட. 100 மில்லிமீற்றர் மழை என்று ரேடியோவில் சொன்னால், பத்தாயிரம் லீற்றர் பவுசர் நாற்பதைக் கொண்டுவந்து ஒரே ஏக்கரில் கொட்டுவதற்குச் சமம். இனிமேல் அந்தச் செய்தியைக் கேட்கும்போது நாற்பது பவுசரை நினைத்துக்கொள்ளுங்கள்.

மண்சரிவுக்கு எச்சரிக்கை விடுக்கும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மலைநாட்டுக்குச் சொல்கிற அளவு இது. 24 மணித்தியாலத்தில் மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பாக இரு. 100ஐத் தாண்டினால் வெளியேற ஆயத்தமாகு. 150ஐத் தாண்டினால், அல்லது ஒரே மணித்தியாலத்தில் 75 பெய்தால், வெளியேறு. இதில் செய்தியும் இருக்கிறது, அறிவுரையும் இருக்கிறது. நம்முடைய டின்னின் உயரம் 150 மில்லிமீற்றர். டின்னில் பாதியில் ஒரு சிவப்புக் கோடு, மூன்றில் இரண்டு பங்கில் இன்னொரு கோடு போட்டோம்.

முதல் இரண்டு வருசம் அதைப் பார்த்துச் சிரித்தவர்களும் உண்டு. "ஐயா மழைக்கு டின் வச்சுப் பால் கறக்கிறார்" என்று பிரட்டுக்களத்தில் பேச்சு.

2025 நவம்பர் கடைசி வாரத்தில் டித்வா சூறாவளி கிழக்குக் கரையோரமாக ஏறி வந்தது. 27ஆம் திகதி காலை டின் முதல் கோட்டைத் தாண்டியிருந்தது. பொறுப்பாளர் அளந்து எழுதிவிட்டுக் கொட்டினார். அன்று இரவு எட்டு மணிக்கு டோர்ச் அடித்துப் பார்த்தால் டின் நிரம்பி வழிகிறது. கீழ் லயத்து ஆட்களைப் பாடசாலைக்கு ஏறச் சொன்னோம். சிலர் முணுமுணுத்தார்கள், குளிர், இருட்டு, கைப்பிள்ளைகள். ஆனாலும் ஏறினார்கள். விடியற்காலை லயத்துக்குப் பின்னால் மண் இறங்கி இரண்டு குசினிகளை மூடியது. உள்ளே ஒருவரும் இல்லை. அந்தச் சூறாவளியில் நாடு முழுவதும் அறுநூறு பேருக்கு மேல் இறந்தார்கள், அதில் மிகப் பலர் நம் மலைகளில் மண்ணுக்குள் போனவர்கள் என்பதை நாங்கள் உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.

பாடசாலையில் இருந்தபடியே அந்தத் தாய் கிளிவெட்டிக்குப் போன் பண்ணினார். "சித்தப்பா, இங்க டின் நிரம்பிருச்சு." அவருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. மலையில் விழுந்த மழை மகாவலியில் இறங்கி மூதூர், சேருவில, வெருகல் பக்கம் ஏறுவதற்கு நேரம் எடுக்கும். அங்கே மழை விட்டு வெயில் அடித்தாலும் ஆறு ஏறும். விதை நெல் மூட்டைகளையும் மாட்டையும் மேட்டுப் பக்கத்து உறவுக்காரர் வீட்டுக்கு அன்றைக்கே மாற்றிவிட்டார். பிறகு மாவிலாற்றுக் கட்டு உடைத்து அந்தப் பகுதியெல்லாம் வெள்ளக்காடாகியது. ஒக்டோபரில் விதைத்தது எல்லாம் போய்விட்டது. தண்ணீர் வடிந்த பிறகு, மேட்டில் வைத்த விதையில் மூன்று மாத நெல்லைத் திரும்ப விதைத்தார் என்று கேள்விப்பட்டோம்.

உங்கள் பிரிவிலும் டின் வைக்க விரும்பினால் நலன்புரி அலுவலகத்துக்கு வாருங்கள். கொப்பியும் அடிமட்டமும் நாங்கள் தருவோம். தேயிலை மரத்துக்கு அடியில், கூரை ஓரத்தில் கட்டாதீர்கள். டின் வாய் சாயாமல் நேராக இருக்கவேண்டும். இரவில் பெருமழை என்றால் காலை வரை காத்திருக்காமல் டோர்ச்சோடு ஒருவர் போய்ப் பாருங்கள், தனியாகப் போகவேண்டாம். டின் நிரம்பும் முன்பே சுவரில் வெடிப்புக் கண்டாலோ, மரம் சாய்ந்தாலோ, ஊற்றுத் தண்ணீர் கலங்கி வந்தாலோ டின்னைப் பார்த்துக்கொண்டு நிற்காமல் கிளம்பிவிடுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. லீக்ஸ், போஞ்சி, உருளைக்கிழங்கு போட்டிருப்பவர்கள் பசளை போட்ட நாளையும், மருந்தடித்த நாளையும் மழைக் கணக்குக்குப் பக்கத்திலேயே எழுதி வையுங்கள். எத்தனை தடவை காசு மழையோடு போயிருக்கிறது என்று போக முடிவில் கூட்டிப் பார்க்கலாம். அளந்து முடிந்தவுடன் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் நுளம்பு முட்டையிடும்.